பனியன் கம்பெனிக்கு எந்தத் தகவல், எந்தத் தேதிக்குள்?

சிறு தொழில் நடத்துபவர்களுக்குத் தகவல் போதவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. திருப்பூரில் ஏற்றுமதியாளர்களுக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் ஆடை தைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்களின் கணக்குகளையும் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்தித் தரும் வேலையில் இருப்பதால், எனக்கு அந்தக் கருத்தோடு உடன்பாடு இல்லை. எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் தகவல் குவிந்து கிடக்கிறது. மேசை இழுப்பறையில் டெலிவரி சலான் கட்டுகள், முதலாளியின் வாட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள், கணக்காளரின் டேலி மென்பொருளில் பில்கள், கட்டிங் மாஸ்டரின் சட்டைப் பையில் ஒரு குறிப்புத் தாள் என்று எல்லாமே இருக்கின்றன. ஒரு முடிவை எடுக்க வேண்டிய நாளுக்கு முன்பாக, அந்த முடிவுக்கு வேண்டிய எண்கள் முதலாளியின் கையில் வந்து சேரும்படியான ஏற்பாடுதான் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்யும் திறனையே இங்கே தகவல் திட்டமிடல் என்று குறிப்பிடுகிறேன்.

தொழில்முனைவோருக்குத் தேவையான திறன்களைப் பற்றிப் பேசும் கட்டமைப்புகள் பல வந்துவிட்டன. ஐரோப்பிய ஆணையம் 2016-இல் வெளியிட்ட ‘ஆந்த்ரகாம்ப்’ கட்டமைப்பு 15 திறன்களைப் பட்டியலிடுகிறது. திட்டமிடலும் மேலாண்மையும் அவற்றுள் ஒன்று. டிஜிட்டல் திறன்களுக்கான அதே ஆணையத்தின் ‘டிஜிகாம்ப்’ கட்டமைப்பு, தகவலையும் தரவையும் கையாளும் அறிவைத் தன் முதல் பிரிவாக வைத்திருக்கிறது. நான் பேசும் திறன் இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. திட்டமிடத் தெரிந்தவருக்குத் தகவலைத் தேடத் தெரிவதில்லை, தகவலைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் அதை எதற்காகச் சேர்க்கிறோம் என்று வகுத்துக்கொள்வதில்லை. நம் ஊர்ப் பயிற்சிகளில் இதற்கு மிக அருகில் வருவது வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை. ஆனால் அது வங்கி மேலாளருக்காக எழுதப்படுகிறது. கடன் கைக்கு வந்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்த முதலாளியை அபூர்வமாகவே சந்தித்திருக்கிறேன்.

தகவல் திட்டமிடலை முடிவிலிருந்து பின்னோக்கிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. என்னென்ன பதிவேடுகள் வைத்துக்கொள்ளலாம், எந்த மென்பொருள் வாங்கலாம் என்று தொடங்கினால் அது எழுத்தர் வேலையாகச் சுருங்கிவிடும். மாறாக, இந்த மாதத்தில் நான் எடுக்கப் போகும் முடிவுகள் எவை, அவற்றை எந்தத் தேதியில் எடுக்கிறேன், அன்று என்ன தெரிந்திருந்தால் என் முடிவு மாறும் என்று கேட்டுக்கொண்டால், தேவையான தகவல்களின் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். ஆர்டருக்கு விலை சொல்வது, நூல் வாங்குவது, எந்தச் சாயப்பட்டறைக்குத் துணியை அனுப்புவது, யாருக்கு முதலில் பணம் கொடுப்பது, வரி எவ்வளவு கட்டுவது, வங்கியில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்பதா வேண்டாமா என்ற இந்த ஆறேழு முடிவுகளுக்குள் ஒரு சிறு பனியன் கம்பெனியின் தலைவிதி அடங்கிவிடுகிறது.

இவற்றுள் விலை சொல்வதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் லாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்த ஒரு தாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. 5,000 டி-ஷர்ட்டுக்கு ஓர் ஆர்டர் வருகிறது, கட்டிங் கழிவு உட்பட ஒரு சட்டைக்கு 200 கிராம் துணி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் (நூலைத் துணியாகப் பின்னுவதிலும்) சாயத்திலும் 8 சதவீதம் எடை குறையும் என்று அடக்கவிலை போடும் காஸ்டிங் தாளில் போட்டால், ஏறத்தாழ 1,087 கிலோ நூல் வாங்க வேண்டும். உண்மையான இழப்பு 11 சதவீதமாக இருந்தால், தேவைப்படும் நூல் ஏறத்தாழ 1,124 கிலோ. கிலோ 250 ரூபாய் என்று கொண்டாலும் 9,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகிறது. சட்டை ஒன்றுக்கு 1 ரூபாய் 80 காசு. ஒரு சட்டைக்கு 8 ரூபாயோ 10 ரூபாயோ நிற்கும் என்று நம்பி விலை சொன்ன ஆர்டரில் இது சிறிய தொகை அல்ல. கூடுதல் நூலுக்கான நிட்டிங் கூலியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘எப்பவும் அப்படித்தாங்க போடுவோம்’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த எண் என்றோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு நூலுக்கும் வெளிர் நிறத்துக்கும் சரியாக இருந்திருக்கலாம். இழப்பு என்பது துணியின் வகைக்கும், சாயத்தின் அடர்த்திக்கும், பட்டறைக்கும் ஏற்ப மாறக்கூடியது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை. சென்ற ஆறு மாதத்தில் அனுப்பிய எடையும் திரும்பி வந்த எடையும் கம்பெனியின் சலான் கட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றை லாட் (ஒரே தடவையில் சாயத்துக்கு அனுப்பும் துணித் தொகுதி) வாரியாக, பட்டறை வாரியாக ஒரே தாளுக்குக் கொண்டுவரும்படி யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

துணியை வெளியே கூலி வேலைக்கு அனுப்பும்போது எழுதும் ஜாப் ஒர்க் சலான் புத்தகத்தை ஒரு முறை நிதானமாகப் புரட்டிப் பார்த்தால் தகவல் திட்டமிடல் இருக்கிறதா இல்லையா என்பது விளங்கிவிடும். தேதி, சலான் எண், லாட் எண், நிறம், ரோல் எண்ணிக்கை, அனுப்பிய எடை, வண்டி எண் ஆகிய கட்டங்கள் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. வரவு எடை பாதிப் புத்தகங்களில் இருக்கும். பட்டறைக்காரர் திருப்பித் தருவதாகச் சொன்ன தேதிக்கு மட்டும் கட்டமே இருப்பதில்லை. ‘செவ்வாய்க்கிழமை கொடுத்துடறோம்ங்கண்ணா’ என்று தொலைபேசியில் சொன்னது முதலாளியின் நினைவில் மட்டுமே இருக்கும். அதே வாரத்தில் நான்கு பட்டறைகள் நான்கு தேதிகளைச் சொல்லியிருந்தால் நினைவு கலங்கிவிடும். சொன்ன தேதி, வந்த தேதி என்ற இரண்டு கட்டங்களைப் பேனாவால் கோடிழுத்துச் சேர்த்தாலே போதும். அடுத்த ஆர்டருக்கு ஷிப்மென்ட் தேதி கொடுக்கும்போது எந்தப் பட்டறையின் ‘செவ்வாய்’ எத்தனை நாள் தள்ளிப் போகும் என்பது எழுத்தில் இருக்கும். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்து, ஆர்டரின் லாபம் முழுவதும் சரக்குக் கட்டணத்தில் கரைந்துபோன கதைகளைத் திருப்பூரில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். அவற்றுள் பலவற்றின் தொடக்கம் இந்த எழுதப்படாத கட்டத்தில்தான் இருக்கிறது.

துணி திரும்பி வந்த நாளில் எடுக்க வேண்டிய இன்னொரு அளவு ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். வட்டமாக வெட்டும் ஒரு சிறிய கருவி இதற்கென்று இருக்கிறது. அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துண்டை வெட்டித் தரும். அந்தத் துண்டைச் சிறு தராசில் வைத்து வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும். 1.60 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் தராசு 1.70 காட்டினால், கேட்ட 160 ஜி.எஸ்.எம். துணிக்குப் பதில் 170 ஜி.எஸ்.எம். துணி வந்திருக்கிறது என்று பொருள். கையில் தொட்டுப் பார்க்கும்போது துணி கெட்டியாக, நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் 5,000 சட்டைக்கு வாங்கிய 1,000 கிலோவில் இப்போது ஏறத்தாழ 4,700 சட்டைதான் வரும். வெட்டுவதற்கு முன் இது தெரிந்தால் பட்டறையிடம் பேசலாம், வாங்குபவரிடம் எண்ணிக்கையைக் குறைத்துக் கேட்கலாம், கூடுதல் துணிக்கு ஏற்பாடு செய்யலாம். வெட்டி முடித்த பிறகு தெரிந்தால், மாஸ்டரைத் திட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே தகவல்தான், வந்து சேரும் நேரம் தள்ளிப்போனால் அதன் மதிப்பு பூஜ்யமாகிறது.

வரித் தகவல்களில் இந்த நேரக் கணக்கைச் சட்டமே வகுத்துத் தந்திருக்கிறது என்பதால், அங்கே திட்டமிடுவது இன்னும் எளிதாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தது. மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்யும் நூல் மில், தன் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் வழியாகப் பதிய வேண்டும். 14-ஆம் தேதி வாங்கியவரின் பக்கத்தில், சப்ளையர்கள் பதிந்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கை உருவாகிறது. 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற மாதக் கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் தெரியாத பில்லுக்கு, வாங்கும்போது கொடுத்த வரியை (உள்ளீட்டு வரியை) கழித்துக்கொள்ள முடியாது. ஆக, மில்லோ பட்டறையோ நம் பில்லைப் பதியாமல் விட்டுவிட்டதா என்பதைக் கண்டுபிடிப்பதற்கான முதல் வாய்ப்பு 11-ஆம் தேதிக்கு முன்பே வருகிறது. 14-க்குப் பிறகு தெரிந்தால் அந்த மாதத்துக்கு அநேகமாகப் பயன் இல்லை. எனவே நான் கணக்காளர்களிடம் வலியுறுத்துவது, மாதத்தின் 8-ஆம் தேதியன்று பெரிய தொகை பில்கள் அனுப்பிய சப்ளையர்கள் அனைவருக்கும் பில் எண்களோடு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது. 19-ஆம் தேதி இரவு ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அலறுவதைவிட இது கௌரவமானது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 2024 அக்டோபரில் வந்த பில் மேலாண்மைப் பகுதியில், வந்திருக்கும் பில்லை ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். அதையும் யார் பார்க்கிறார், எந்தத் தேதியில் பார்க்கிறார் என்று பெயர் போட்டு எழுதி வைக்காத கம்பெனியில், பெரும்பாலும் யாருமே பார்ப்பதில்லை.

வர வேண்டிய பணத்தைப் பற்றிய தகவலில், தொழில்முனைவோர் தமக்கிருக்கும் சட்ட உரிமையையே அறியாமல் இருப்பதைக் காண்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். 2023 நிதிச் சட்டத்தின் வழியாக வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு சேர்க்கப்பட்ட பின், இந்தக் கெடுவைத் தாண்டி ஆண்டு முடிவில் நிலுவையில் நிற்கும் தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற நிலையும் வந்தது.

இந்த உரிமை நடைமுறையில் பயன்பட வேண்டுமானால் மூன்று தகவல்கள் கையில் இருக்க வேண்டும்: குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவின் எண் பில்லிலேயே அச்சாகியிருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாள் என்று தெரிய வேண்டும், சரக்கு ஏற்கப்பட்ட நாளுக்குச் சான்று வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வாங்கியவர் 15 நாளுக்குள் குறை எதையும் எழுத்தில் சொல்லாவிட்டால், சரக்கு கொடுத்த நாளே ஏற்ற நாளாகிவிடும். ஆனால் கொடுத்த நாளைக் காட்டும் முத்திரை, வாங்கியவரின் வாயிலில் பாதுகாவலர் கையெழுத்திட்ட சலான் நகலில் மட்டுமே இருக்கிறது. அந்த நகலைப் பில்லோடு சேர்த்துத் தைத்து வைப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் ஏட்டில் இருப்பதாகக் குறைபட்டுக்கொள்பவர்களிடம் முதலில் அந்த நகலைக் காட்டச் சொல்கிறேன். வழக்குப் போடவே வேண்டாம் என்று நினைப்பவருக்கும் இது பயன்படும். பிப்ரவரி முதல் வாரத்தில் சலான் நகலோடும் உத்யம் எண்ணோடும் நிலுவைப் பட்டியலை அனுப்பினால், வாங்கியவரின் ஆடிட்டரே மார்ச் 31-க்குள் பணத்தைக் கொடுத்துவிடச் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

இதே சட்டம் நம்மையும் கட்டுப்படுத்தும். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் நாம் பாக்கி வைத்திருந்தால், அவர்களுள் யார் குறு, யார் சிறு, யார் நடுத்தரம் என்ற பட்டியல் நம்மிடம் இருந்தாக வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. சிறு நிறுவனத்துக்கான வருடாந்திர விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடி ரூபாயாகிவிட்டது. முன்பு நடுத்தரமாக இருந்து இந்தச் சலுகைக்குள் வராத ஒரு சப்ளையர் இப்போது சிறு நிறுவனமாகியிருக்கலாம். எனவே ஏப்ரல் மாதத்தில் எல்லாச் சப்ளையர்களிடமும் உத்யம் சான்றிதழைப் புதிதாகக் கேட்டு வாங்குவதை ஆண்டு வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் தேதி தெரிந்த தகவல்கள். நூல் விலை மாதத் தொடக்கத்தில் வரும், 2பி 14-ஆம் தேதி வரும், நிதியாண்டு மார்ச்சில் முடியும். தேதி தெரியாமல் வரும் தகவல்களுக்கு வேறு விதமான ஏற்பாடு தேவை. 2021 மத்திய பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. அடுத்த ஆண்டு, நூல் விலை ஏற்றத்தால் திருப்பூர் தத்தளித்துக்கொண்டிருந்தபோது ஏப்ரல் மாதத்தில் அது தற்காலிகமாக விலக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் விலக்கு வந்தது. இவை அறிவிக்கையாக வந்து, மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடுபவை. இப்படிப்பட்ட தகவலுக்கு நாட்காட்டி உதவாது, பொறுப்பாளர்தான் வேண்டும். தொழில் சங்கத்தின் சுற்றறிக்கைகளைப் படிப்பது யார், படித்ததில் நமக்குப் பொருந்துவதை இரண்டு வரியில் எழுதி முதலாளிக்குத் தருவது யார் என்று நிர்ணயித்துவிட வேண்டும். முதலாளியே எல்லாவற்றையும் படிப்பார் என்ற ஏற்பாடு, ஷிப்மென்ட் வாரத்தில் குலைந்துபோகும்.

திடீரென்று வந்ததாக நாம் நினைக்கும் பல தகவல்கள் உண்மையில் திடீரென்று வந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, துணியை வெளியூர்களுக்கு லாரியில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்குகள் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தன. 2006-லேயே நீதிமன்றம் கெடு விதித்திருந்தது. தன் துணிக்குச் சாயமிடும் பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறது, அதன் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை எதுவரை செல்லும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு வைத்திருந்த தொழில்முனைவோருக்கு அந்த உத்தரவு கொடுத்த அதிர்ச்சி நிச்சயம் குறைவாக இருந்திருக்கும். இன்றும் ஒரு பட்டறையில் முதல்முறையாக லாட் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்; விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

தொலைவில் இருந்துகொண்டு தகவலின் வழியாகவே தொழிலை நடத்துவது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகள் பலர் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். தவணைக் காலத்துக்கு அனுப்பப்பட்ட ஏஜெண்டுகள் கடையை நடத்தி, கணக்கை எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். எந்த விவரம், எந்த வடிவத்தில், எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்பது வகுக்கப்பட்டிருந்ததால்தான் கடல் கடந்த கடையை வீட்டிலிருந்தபடி மேற்பார்வையிட முடிந்தது. இன்று இரண்டாம் தளத்தில் இருக்கும் செக்கிங் பிரிவில் எத்தனை சட்டை கழிந்தது என்பது, கீழ்த் தளத்தில் இருக்கும் முதலாளிக்கு வாரக் கடைசியில்தான் தெரிய வருகிறது.

மென்பொருளைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். சொல்வதற்குச் சொற்பமே இருக்கிறது. எக்செல் தாளில் மூன்று மாதம் விடாமல் எழுதத் தெரியாத கம்பெனியில் ஈ.ஆர்.பி. என்ற முழு நிர்வாக மென்பொருளைப் போட்டாலும் கட்டங்கள் காலியாகவே இருக்கும். மூன்று மாதம் எழுதிய பிறகு எந்தக் கட்டம் தேவை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும், அப்போது விற்க வருபவரிடம் சரியான கேள்வியும் கேட்பார்கள்.

தகவல் யாரிடம் தங்குகிறது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசர் தன் சொந்த எண்ணில் வாங்குபவரோடு பேசி, நிற ஒப்புதல்களையும் அளவு மாற்றங்களையும் தன் கைப்பேசியிலேயே வைத்திருந்துவிட்டு, வேறு கம்பெனிக்குப் போய்விடுவது இங்கே அன்றாடம் நடப்பது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கம்பெனி அவருக்கு வேறு எண் கொடுக்கவில்லை. கம்பெனியின் பெயரில் சிம் அட்டை, கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி, ஒப்புதல் எதுவாக இருந்தாலும் அன்று மாலைக்குள் ஆர்டர் எண்ணிட்ட கோப்புறைக்குள் போய்விட வேண்டும் என்ற விதி ஆகியவற்றை வேலைக்குச் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால், பிரியும் நாளில் சங்கடம் இராது.

கேட்காமல் விட வேண்டிய தகவல்களையும் அதே கண்டிப்போடு கழித்துவிட வேண்டும். தினமும் மணிக்கு மணி உற்பத்தி அறிக்கை கேட்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அதை நிரப்புவதற்கென்றே ஒரு சூப்பர்வைசரின் அரை நாள் போகிறது, படிப்பவர் யாரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதம் பழைய கணக்கை மூடும்போது, ஒவ்வொரு பதிவேட்டையும் எடுத்து, சென்ற ஆண்டில் இந்தக் கட்டத்தைப் பார்த்து யாராவது ஒரு முடிவை மாற்றினார்களா என்று கேட்கச் சொல்கிறேன். இல்லை என்றால், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை நீங்கலாக, புதிய புத்தகத்தில் அந்தக் கட்டத்துக்குக் கோடிழுக்க வேண்டாம்.